இருக்கை வேறு, உரிமை வேறு!

உயர்பணிகளுக்கு ஆளமர்த்துங்கால் இனம் பார்க்கலாமா, பால் பார்க்கலாமா என்னும் வினா அமெரிக்க நாட்டில் கடந்த அறுபது ஆண்டுகளாய் ஓயாது எழுப்பப்பட்டு வருகின்றது. ‘தகுதி ஒன்றே போதும், நிறம் எதற்கு?’ என்று ஆரவாரிப்போர் ஒருபுறம். ‘எம் நிறத்தார் ஒருவர் அமர்ந்துவிட்டார், இனி என்ன குறை?’ என்று கூத்தாடுவோர் மறுபுறம். முன்னவர், நிறத்தையும் பாலையும் பார்த்தே இருக்கைகளை நிரப்பிவந்த நெடிய வரலாற்றை மறைக்கின்றனர். பின்னவர், யாரை அமர்த்துவது என்னும் முடிவு எவர் கையில் உள்ளது என்பதை மறக்கின்றனர். மறைப்பாரும் மறப்பாரும் உள்ளவரை அமர்த்துவோரின் அரசியலுக்கு வாழ்வுதான்!

இதற்கு அந்நாட்டின் உச்ச அறமன்றத்தைப் போலத் தெளிந்த சான்று பிறிதில்லை. அம்மன்றத்தின் நடுவர் ஒன்பதின்மர். குடியரசுத் தலைவர் முன்மொழிவார், மேலவை ஒப்பும், நடுவர் அமர்வார். அமர்ந்தபின், குற்றஞ்சாட்டி நீக்கினாலன்றி, வாழ்நாள் முழுதும் அவரை எழுப்புவார் இலர். மக்கள் மன்றம் இயற்றிய சட்டத்தையும் செல்லாது என்று அறையும் வலிமை அவ்வொன்பதின்மர்க்கு உண்டு. தேர்தலில் தோற்ற தலைவன் வீட்டுக்குப் போவான்; அவன் அமர்த்திய நடுவரோ அவன் மாண்ட பின்னும் தீர்ப்பெழுதிக் கொண்டிருப்பார். ஆகலின் அவ்விருக்கைகள் ஒவ்வொன்றும் ஒரு தலைமுறையின் தலையெழுத்து.

தகுதி எனும் திரை

அவ்வறமன்றம் 1789ஆம் ஆண்டுச் சட்டத்தால் அமைக்கப்பட்டது. 1967 வரை, 178 ஆண்டுகள், கருப்பினத்தார் ஒருவரும் அதில் அமர்ந்திலர். 1981 வரை, 192 ஆண்டுகள், பெண் ஒருத்தியும் அமர்ந்திலள். 2022க்கு முன் அமர்ந்த நடுவர் 115 பேர். அவருள் 108 பேர் வெள்ளை ஆடவர். இவ்வளவு நெடுங்காலம் நிறமும் பாலும் பாராமல் தகுதி ஒன்றையே நிறுத்துப் பார்த்தார்களாம்! நிறுத்த போதெல்லாம் தட்டு வெள்ளை ஆடவன் பக்கமே தாழ்ந்ததாம்! இதை நம்புவோர்க்கு ஆற்றுநீர் மலைமேல் ஏறும் என்பதும் நம்பத்தக்கதே.

வெள்ளை ஆடவரே நிறைந்த அம்மன்றம் வழங்கிய அறந்தான் யாது? கருப்பினத்தார் அந்நாட்டின் குடிமக்களாகவே முடியாது என்று 1857இல், திரெட் சுகாட்டு வழக்கில், தீர்ப்பளித்தது. பெண்ணுக்கு வழக்கறிஞர் தொழில் செய்யும் உரிமையை மாநிலம் மறுக்கலாம் என்று 1873இல், மைரா பிராட்வெல் வழக்கில், எட்டு நடுவர் ஒருங்கே நின்று உரைத்தனர். கருப்பர்க்குத் தனி வண்டி, வெள்ளையர்க்குத் தனி வண்டி என்னும் சட்டம் செல்லும் என்று 1896இல் நிலைநாட்டியது. வெளியே நிறுத்தப்பட்டவரைப் பற்றி உள்ளே அமர்ந்தவரே முடிவு செய்தால் முடிவு எவ்வாறிருக்கும் என்பதற்கு இம்மூன்றும் போதும். எல்லாக் குடியினரும் அறமன்றத்தில் அமர வேண்டும் என்னும் கோரிக்கை வெறும் பெருமைக்கான கோரிக்கை அன்று, உயிர்க்கான கோரிக்கை.

கதவை உடைத்து வந்தவர்

1967இல் அமர்ந்த முதற் கருப்பின நடுவர் தர்குட் மார்சல். 1908இல் பால்டிமோர் நகரிற் பிறந்தவர். அடிமையாய்ப் பிறந்த பாட்டன் வழியினர். அவர் பிறந்த மேரிலாந்து மாநிலத்தின் சட்டக் கல்லூரி கருப்பினத்தார்க்குக் கதவடைத்திருந்தது. ஆகவே வாசிங்டனில் கருப்பினத்தார் பயின்ற ஆவர்டு பல்கலைக்கழகத்தில் சட்டம் பயின்று 1933இல் முதல்வராய்த் தேறினார். மூன்றே ஆண்டுகளில், 1936இல், அம் மேரிலாந்துக் கல்லூரியின் கதவை வழக்காடித் திறக்க வைத்தவர் அவர். உச்ச அறமன்றத்தின் முன் அவர் வாதாடிய வழக்குகள் 32, வென்றவை 29. பள்ளிகளில் நிறம் பிரித்தல் முறையன்று என்னும் 1954ஆம் ஆண்டுத் தீர்ப்பு அவற்றுள் தலையாயது.

இத்தகைய ஒருவரையே, தகுதி தகுதி என்று முழங்கியோர் எவ்வாறு வரவேற்றனர்? 1961இல் மேல்முறையீட்டு மன்றத்திற்கு முன்மொழியப்பட்ட அவரைத் தென்மாநில மேலவையினர் ஓராண்டளவும் இழுத்தடித்தனர். 1967இல் உச்ச அறமன்றத்திற்கு முன்மொழியப்பட்டபோது, பள்ளிச் சிறுவனைத் தேர்வு செய்வார்போல, நூற்றாண்டுக்கு முந்திய சட்டத் திருத்தங்களின் சிறு சிறு நுணுக்கங்களையெல்லாம் தென் கரோலினாவின் திராம் தர்மண்டு அடுக்கடுக்காய் வினவினார். முடிவில் 69 பேர் ஒப்பினர். 11 பேர் மறுத்தனர். 20 பேர் ஒப்பளிக்கவே இல்லை.

அந்த அமர்த்தத்திலும் அரசியல் இல்லாமல் இல்லை. குடியரசுத் தலைவர் இலிண்டன் சான்சன், நடுவர் தாம் கிளார்க்கின் மகனைத் தலைமை வழக்கறிஞராய் அமர்த்தினார். மகன் அரசின் சார்பில் நிற்க, தந்தை நடுவராய் அமர்தல் தகாது என்று கிளார்க்கு ஓய்வு பெற்றார். அவ்வாறு வெறுமையாக்கப்பட்ட இருக்கையே மார்சலுக்கு வந்தது. சூழ்ச்சிதான், எனினும் அதனை வேண்டிய சூழலை உருவாக்கியது எது? தெருவில் இறங்கி, அடியுண்டு, சிறைபுகுந்து, 1964இல் குடியுரிமைச் சட்டத்தையும் 1965இல் ஒப்போலை உரிமைச் சட்டத்தையும் பெற்ற கருப்பின மக்களின் எழுச்சியன்றோ! மார்சலை முன்மொழிந்தது ஒரு தலைவரின் கை. அந்தக் கையை அசைத்தது ஓர் இனத்தின் போராட்டம்.

இரு கணக்கிலும் விடுபட்டவள்

இனக் கணக்கும் பாற் கணக்கும் தனித்தனியே எழுதப்பட்டபோது இரண்டிலும் விடுபட்டவள் ஒருத்தி. அவள் கருப்பினப் பெண். கான்சுடன்சு மாட்லி என்பார் மார்சலோடு ஒருங்கிருந்து போராடியவர். உச்ச அறமன்றத்தின்முன் வாதாடிய முதற் கருப்பினப் பெண் அவரே. அங்கு அவர் வாதாடிய வழக்குகள் 10, வென்றவை 9. மிசிசிப்பிப் பல்கலைக்கழகத்துள் சேம்சு மெரிடித்து என்னும் கருப்பின மாணவர் 1962இல் நுழைந்தது அவர் ஆடிய வழக்கின் பயனாலே. 1966இல் சான்சன் அவரை நடுவண் அரசின் மாவட்ட அறமன்றத்திற்கு முன்மொழிந்தார். மிசிசிப்பியின் மேலவையினரான சேம்சு ஈசுட்லாண்டு, அவர் பொதுவுடைமைக் கட்சியினர் என்று பழிகூறி ஏழு திங்கள் முட்டுக்கட்டை போட்டார். முட்டுக்கட்டையைத் தாண்டி நடுவரான மாட்லி அம்மாவட்ட மன்றத்துக்கு மேல் உயர்த்தப்படவே இல்லை. 2005இல் மறைந்தார். உச்ச அறமன்றத்தில் ஒரு கருப்பினப் பெண் அமர 2022 வரை காத்திருக்க வேண்டியதாயிற்று.

இடையே 1981இல் ஒரு பெண் அமர்த்தப்பட்டார். அவர் வெள்ளையினத்துச் சாண்டிரா ஓ கானர். அவர் தகுதிக்கும் குறைவில்லை. 1952இல் சுடான்போர்டில் சட்டம் பயின்று முன்வரிசையில் தேறியவர்; அவ்வாறு தேறியும் பெண் என்பதால் வழக்கறிஞர் நிறுவனங்கள் அவர்க்குக் கதவடைத்தன; எழுத்தர் வேலையே காட்டப்பட்டது. இதே பெண்ணை 99 மேலவையினர் ஒப்பினர். மறுத்தவர் ஒருவரும் இலர். ஆனால் அவர் எவ்வாறு வந்தார்? 1980ஆம் ஆண்டுத் தேர்தலில் மகளிரின் ஒப்போலை தம்மைவிட்டு நழுவுவதைக் கண்ட உரொனால்டு இரீகன், ஒரு பெண்ணை உச்ச அறமன்றத்தில் அமர்த்துவேன் என்று உறுதி கூறினார். சொன்னதைச் செய்தார். பெண்ணென்று முன்கூட்டியே வரையறுத்து ஆள் தேடியது தகுதிக்கு இழுக்கு என்று அவர் கட்சியினர் அன்று நெஞ்சிலடித்துக் கொண்டிலர்.

தூண்டிற் புழு

இனி 1991ஆம் ஆண்டைக் காண்க. மார்சல் முதுமையால் ஓய்வை அறிவித்தார். அப்பொழுது தலைவராயிருந்த சார்சு புசு, கிளாரென்சு தாமசு என்னும் கருப்பினத்தாரை முன்மொழிந்தார். நிறம் பார்த்துத் தேர்ந்திலேன். இவரே மிகத் தகுதியுடையவர் என்றும் உரைத்தார். மேல்முறையீட்டு மன்றத்தில் தாமசு அமர்ந்து அப்பொழுது ஒன்றரை ஆண்டுகூட முழுமையாக ஆகவில்லை! கருப்பினத்தார் விட்ட இருக்கைக்குக் கருப்பினத்தாரையே தேடிப்பிடித்து, நிறம் பார்த்திலேன் என்று கூறும் துணிவை என்னென்பது! வேலைவாய்ப்பில் இனவேற்றுமையைத் தடுக்க 1990இல் இயற்றப்பட்ட குடியுரிமைச் சட்டத்தை, ஒதுக்கீட்டுச் சட்டம் என்று பழித்துத் தம் மறுப்பாணையால் வீழ்த்தியவரும் இதே புசுதான். சட்டத்தை மறுத்த கை, ஓராண்டு முடியுமுன் இருக்கையை நீட்டியது.

தாமசு சார்சியா மாநிலத்தில் வறுமையிற் பிறந்து வளர்ந்தவர். கருப்பின மாணவர்க்கு இடந்தரும் திட்டம் நடைமுறையிலிருந்த காலத்தில் யேல் சட்டக் கல்லூரியிற் பயின்றவர். அத்தகைய திட்டங்களுக்கே பகைவராய் விளங்கியவர். இதில் ஒன்று தெளிக: தாமசு எவரையும் ஏமாற்றினார் அல்லர். அவர் கொள்கை முன்பே ஊரறிந்தது. அக்கொள்கைக்காகவே அவர் தேர்ந்தெடுக்கப்பட்டார். அவர் நிறமோ அக்கொள்கையை எதிர்ப்போர் வாயை அடைக்கப் பயன்பட்டது. மீனுக்குப் பிடித்த புழுவைத்தானே தூண்டிலில் மாட்டுவர்! அற்றைக் கருத்துக் கணிப்புகளில் கருப்பினத்தாருள் பெரும்பகுதியினர் தாமசுக்கு ஒப்புக் காட்டினர். ‘நம்மவன்’ என்னும் ஒரு சொல் அவ்வளவும் செய்தது.

மூத்த மார்சலுக்கு இது விளங்காமலில்லை. ஓய்வை அறிவித்த மறுநாள் செய்தியாளர் சூழ்ந்து, தம்மிடத்திற்குக் கருப்பினத்தாரே வரவேண்டுமா என்று வினவியபோது, கருப்புப் பாம்பும் கடிக்கும், வெள்ளைப் பாம்பும் கடிக்கும் என்று தம் தந்தையார் சொல்லியதை எடுத்துக்கூறினார். தகாதவனைப் பொறுக்கியெடுக்க நிறத்தைச் சாக்காக்கலாகாது என்பதே அம்முதியவர் உள்ளக் கிடக்கை.

அதன்பின் நிகழ்ந்தது இன்னுங் கொடிது. தாமசின்கீழ் முன்னர்ப் பணியாற்றியவரும் சட்டப் பேராசிரியருமாகிய அனிதா கில் என்னும் கருப்பினப் பெண், அவர் தம்மிடம் பாலியல் முறைகேடாய்ப் பேசினார் என்று 1991 அக்குதோபரில் மேலவைக் குழுவின்முன் சான்றுரைத்தார். தாமசு அதனை முற்றாக மறுத்தார். குழுவினர் பதினால்வர், பதினால்வரும் வெள்ளை ஆடவர், தலைவர் மக்களாட்சிக் கட்சியின் சோ பைடன். நூற்றுவர் மேலவையில் பெண்டிர் அன்று இருவரே. கருப்பினத்தார் ஒருவரும் இலர். ஒரு பெண் தனியளாய் நின்று, நாடே பார்க்க, பதினான்கு ஆடவரின் குறுக்கு வினாக்களுக்கு விடை சொன்னாள். சான்றுரைக்க அணியமாயிருந்த வேறொரு பெண் அவைமுன் அழைக்கப்படவே இல்லை. தாமசோ, இது கருப்பனைக் கட்டிவைத்துக் கொல்லும் பழங்கொடுமையின் புதுவடிவம் என்று முழங்கினார். இனம் பார்த்திலோம் என்று தொடங்கிய நாடகம், இனத்தையே கேடயமாக்கி முடிந்தது. குற்றஞ்சாட்டியவளும் அதே இனத்தாள் என்பதை எண்ணுவாரில்லை. 52 பேர் ஒப்ப, 48 பேர் மறுக்க, தாமசு அமர்ந்தார். ஒப்பியவருள் மக்களாட்சிக் கட்சியினரும் பதினொருவர் இருந்தனர்.

ஒரே நிறம், இரு தீர்ப்பு

விதைத்தது விளைந்தது. கருப்பின மக்கள் குருதி சிந்திப் பெற்ற 1965ஆம் ஆண்டு ஒப்போலை உரிமைச் சட்டத்தின் முதுகெலும்பை 2013இல் உச்ச அறமன்றம் முறித்தது. இனவேற்றுமை காட்டிய வரலாறுடைய மாநிலங்கள் தேர்தல் முறைகளை மாற்றுமுன் நடுவண் அரசின் ஒப்புதல் பெறவேண்டும் என்னும் கட்டுப்பாடு அத்தீர்ப்பால் செயலற்றுப் போயிற்று. முறித்தவர் ஐவர், மறுத்தவர் நால்வர். ஐவருள் ஒருவர் தாமசு. அவர் அவ்வளவில் நில்லாது, அக்கட்டுப்பாட்டுப் பிரிவையே அடியோடு நீக்கவேண்டும் என்று தனியே எழுதினார். மார்சலின் இருக்கையில் மார்சல் அமர்ந்திருப்பின் அத்தீர்ப்பு எதிராகத் திரும்பியிருக்கும். ஓர் இருக்கையின் விலை இதுவே.

2022இல் கேட்டாஞ்சி பிரௌன் சாக்சன் வந்தார்; உச்ச அறமன்றத்தில் முதற் கருப்பினப் பெண். ஏழையர்க்காக வாதாடும் அரசு வழக்கறிஞராய், தண்டனை நெறி வகுக்கும் ஆணையத்தினராய், மாவட்ட நடுவராய், மேல்முறையீட்டு நடுவராய் இருந்து பட்டறிவு பெற்றவர். அவரையும் 47 பேர் மறுத்தனர். குழந்தைகளின் படப்பொத்தகத்தைக் காட்டி வினவினார் ஒருவர். ‘பெண்’ என்னுஞ் சொல்லுக்கு வரையறை கூறுக என்றார் ஒருவர். 1967இல் மார்சலிடம் கேட்ட வினாக்களின் வழித்தோன்றல்களே இவை.

கருப்பினப் பெண்ணையே அமர்த்துவேன் என்று பைடன் 2020இல் தென் கரோலினாத் தேர்தல் மேடையில் உறுதி கூறியது தகுதிக்கு இழுக்கு என்று குடியரசுக் கட்சியினர் கூவினர். அதே 2020இல், பெண்ணைத்தான் அமர்த்துவேன் என்று சொல்லி வெள்ளையினத்து ஏமி பேரட்டைத் தொனால்டு திரம்பு அமர்த்தியபோது அக்கூச்சல் எங்கே போயிற்று? மக்களாட்சிக் கட்சியினர் மட்டும் தூயரோ? இளைய புசு 2003இல் சானிசு பிரௌன் என்னும் கருப்பினப் பெண்ணை மேல்முறையீட்டு மன்றத்திற்கு முன்மொழிந்தபோது, 2005 வரை தடுத்து நிறுத்தியவர் அவர்களே. அவர் கொள்கை தமக்கு ஒவ்வாது என்பது அவர்கள் சொன்ன கரணியம். அது முறையான கரணியமாகவே இருக்கலாம். ஆயின் கொள்கையே அளவுகோல் என்பதைத் தேர்தல் மேடையிலும் வெளிப்படச் சொல்லியிருக்க வேண்டும். அங்கே நிறத்தைக் காட்டி ஒப்போலை கேட்பதும், அவையுள் கொள்கையைக் காட்டிக் கதவடைப்பதும் எவ்வகை நேர்மை? நிறம் இரு கட்சிக்கும் சந்தைச் சரக்கு; விலை மட்டும் வேளைக்கு வேளை மாறும்.

2023 சூன் 29ஆம் நாள், பல்கலைக்கழகச் சேர்க்கையில் இனத்தைக் கருத்திற் கொள்ளுதல் செல்லாது என்று அம்மன்றம் தீர்ப்பளித்தது. வட கரோலினாப் பல்கலைக்கழக வழக்கில் ஒப்பியவர் அறுவர், மறுத்தவர் மூவர். ஒப்பியவருள் தாமசு, மறுத்தவருள் சாக்சன். இருவரும் ஒருவர் கருத்தை ஒருவர் பெயர்சுட்டி மறுத்து எழுதினர். ஒரே நிறம், ஒரே மன்றம், ஒரே நாள், எதிரெதிர்த் தீர்ப்பு. தோலைப் பார்த்தே ஆளை அளப்போர்க்கு இதனினும் பெரிய படிப்பினை தேவையில்லை.

துளசேந்திரபுரத்துக் கோலம்

இப்படிப்பினை தமிழர்க்கும் உரியதே. சாக்சனுக்கு மேலவை ஒப்பளித்த 2022 ஏப்பிரல் 7ஆம் நாள் அவைத்தலைமை ஏற்றிருந்தவர் துணைத்தலைவர் கமலா ஆரிசு. அவர்தம் தாய் தமிழ்நாட்டினர். தாய்வழிப் பாட்டனார் ஊர் திருவாரூர் மாவட்டத்துத் துளசேந்திரபுரம். 2020இல் அவர் வென்றபோது அவ்வூரார் வாயிலிற் கோலமிட்டு வாழ்த்தெழுதினர், வெடி வெடித்தனர், கோயிலில் வழிபாடு நிகழ்த்தினர். உறவு பாராட்டும் எளிய மக்களின் அன்பு அது, அதைப் பழித்தற்கில்லை. ஆயின் அவ்வன்பையே அரசியலாக்கி, ‘தமிழச்சி ஆள்கிறாள், இனித் தமிழினத்திற்கு விடிவு’ என்று மேடைதோறும் முழங்கினால், அது அறியாமை. அவர் ஏற்றது அமெரிக்க அரசின் பொறுப்பு. அவர் காத்தது அமெரிக்க அரசின் நலன். அதற்கே அவர் உறுதிமொழி எடுத்தார். 2024 தேர்தலில் அவர் தோற்றார். அவர் வெற்றியால் தமிழுக்கு ஓர் எழுத்தும் கூடவில்லை. தோல்வியால் ஓர் எழுத்தும் குறையவில்லை. குருதி உறவு பெருமை தரலாம். கொள்கை உறவே உரிமை தரும்.

மூன்று உரைகற்கள்

அவ்வாறாயின், ஒடுக்கப்பட்ட இனத்தாரும் மகளிரும் உயரிருக்கைகளைக் கேட்க வேண்டாவோ? கேட்டே ஆகவேண்டும்! 108 வெள்ளை ஆடவர் அமர்ந்த வரலாற்றை, ‘இனி எவரும் நிறம் பார்க்கலாகாது’ என்னும் ஒரு வரியால் அழித்துவிட முடியாது. பந்தியில் நூறாண்டு உண்டவன், பசித்தவன் இலை போட்டதும் ‘பந்தி பிரித்தல் தவறு’ என்று பேசுவது அறமன்று. ஆயின் கேட்கும் முறை ஒன்றுண்டு. பெற்றதை உரைத்துப் பார்க்கும் கற்கள் மூன்றுண்டு.

முதலாவது: இருக்கை கொடையாக வந்ததா, போராட்டத்தால் வந்ததா? கொடையாகப் பெற்றவர் கொடுத்தவர்க்கு நன்றி காட்டுவார். போராட்டத்தால் பெற்றவர் மக்களுக்கு விடை சொல்வார்.

இரண்டாவது: அமர்பவர் அமருமுன் யாருக்காக நின்றார்? மார்சலின் 32 வழக்குகள் அவர்க்குச் சான்று. மாட்லியின் பத்து வழக்குகள் அவர்க்குச் சான்று. பிறப்புச் சான்றிதழ் மட்டும் கொண்டு வருவோரை ‘நம்மவர்’ என்று தலைமேற் சுமத்தல் தலையிற் கொள்ளியைச் சுமத்தலாகும்.

மூன்றாவது: ஒருவரை அமர்த்துவோர் அவ்வினத்தின் உரிமைச் சட்டங்களுக்கு என்ன செய்தார்? சட்டத்தை மறுத்துவிட்டு இருக்கையை நீட்டினால், அந்த இருக்கை உரிமைக்கு ஈடன்று. உரிமையைப் பறித்ததற்குக் கொடுத்த கைக்கூலி.

இம்மூன்று உரைகற்களையும் கையில் வைத்திராத இனம், தன் நிறத்து முகத்தைக் கண்டு கைதட்டிக் கொண்டே தன் உரிமையை இழக்கும். 1991இல் கைதட்டியோர் 2013இல் கைபிசைந்தனர். இடையே ஓடியவை இருபத்திரண்டு ஆண்டுகள். தீர்ப்பெழுதிய கை தம்மவர் கை.

முகத்தைக் கேளாதே, முறையைக் கேள். இருக்கையில் ஏறியவரை வாழ்த்துமுன், ஏற்றிவிட்டவரை உற்றுநோக்கு. இருக்கையை எவரும் கொடுக்கலாம். உரிமையைக் கொடுப்பார் எவருமிலர், அது எடுக்கப்படுவது!